எது போங்காட்டம்?

ஜாய்ஸ்டிக்கை ஒரு முழு வட்டம் சுற்றி, சுற்று முடிகிற இடத்தில் பஞ்ச் பட்டனை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். 1991-இல் காப்காம் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ ஆட்டத்தில், ஜாங்கீஃப் என்கிற ரஷ்ய மல்யுத்தக்காரனின் ஸ்பின்னிங் பைல்டிரைவர் இப்படித்தான் வருகிறது. எதிராளியைத் தலைகீழாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேலே எழும்பி, பம்பரம்போலச் சுழன்று, அவன் மண்டை தரையில் இடிக்கிற மாதிரி இறங்குவான். ஆயுள் பட்டையில் பெரிய துண்டு ஒன்று காணாமல் போகும். (ஜாங்கீஃபின் சொந்த நாடான சோவியத் யூனியனும் அதே வருடக் கடைசியில் காணாமல் போனது. விளையாட்டில் அவன் ஜெயித்தால் கோர்பச்சேவ் சாயலில் ஒருவர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கி அவனோடு நடனம் ஆடுவார்.)

சொல்வதற்குச் சுலபம். செய்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வட்டம் சுற்றும்போது ஜாய்ஸ்டிக் மேல் திசைக்குப் போய்விடும். அந்த ஆட்டத்தில் மேல் என்றால் குதி என்று அர்த்தம். சும்மா நின்ற இடத்தில் சுற்றினால் ஜாங்கீஃப் பிடிப்பதற்குப் பதில் குதித்துவிடுவான். பல பதிப்புகளில் முக்கால் வட்டமே போதும் என்றாலும் சிக்கல் தீர்வதில்லை. ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்த வழி, வேறொரு செய்கைக்குள் இந்த வட்டத்தை ஒளித்துவைப்பது. குதித்து இறங்கிக்கொண்டிருக்கும்போதே சுற்றத் தொடங்கிவிடலாம். அல்லது ஒரு சின்னக் குத்து விட்டு, அந்தக் குத்துக்குரிய அசைவு திரையில் ஓடி முடிவதற்குள் சுற்றி முடித்துவிடலாம். அசைவு முடியும் வரை ஜாங்கீஃபால் குதிக்க முடியாது. ஆனால் இயந்திரம் கையின் சுற்றலைக் குறித்து வைத்துக்கொண்டே இருக்கும்.

இனி எதிராளியின் பக்கம். ஜாய்ஸ்டிக்கைப் பின்பக்கம் இழுத்துப் பிடித்திருந்தால் தடுப்பு. குத்து, உதை, தீப்பந்து எல்லாம் தடுப்பில் பட்டு நிற்கும். பிடி மட்டும் தடுப்பைப் பொருட்படுத்தாது. ஆகவே ஜாங்கீஃப் ஆடுகிறவர் என்ன செய்கிறார் என்றால், ஒரு சின்னக் குத்து விடுகிறார். எதிராளி ஒழுங்காகத் தடுக்கிறான். தடுத்தவனுக்குச் சில கணங்கள் உடல் விறைத்துப்போகும், வேறெதுவும் செய்ய முடியாது. அந்த விறைப்பு விடுகிற நொடியில், அவன் கை இன்னும் தடுப்பிலேயே இருக்கும்போது, வட்டம் முடிந்து பிடி விழுகிறது. இதற்கு டிக் த்ரோ என்று பெயர். சரியாகத் தடுத்ததாலேயே மாட்டிக்கொண்டான். அமெரிக்க ஆர்கேடுகளில் தொண்ணூறுகளில் ஏகப்பட்ட வாய்ச்சண்டைகளைக் கிளப்பியது இந்த ஒரு விஷயம். ‘சீப்’ என்றார்கள். ஆங்கிலத்தில் மலிவு என்று பொருள்படும் அந்தச் சொல்லுக்கு நம்மூர்த் தெருவில் நேரான சொல் இருக்கிறது: போங்கு.

தெருவில் போங்கு என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். அவுட்டான பிறகு இல்லை என்பது, எண்ணும்போது ஒன்றிரண்டைத் தாண்டிப்போவது, கண்ணைக் கட்டியிருக்கும்போது கீழ்வழியாகப் பார்ப்பது. அங்கே ஒரு விதி இருக்கிறது, ஒருவன் அதை மீறுகிறான். ஆனால் இயந்திரத்தின் முன்னால் நிற்கிறவன் எந்த விதியை மீற முடியும்? பெர்னார்ட் சூட்ஸ் என்கிற தத்துவப் பேராசிரியர் 1978-இல் ‘தி கிராஸ்ஹாப்பர்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். தேவையில்லாத தடைகளை நாமே விரும்பி ஏற்றுக்கொண்டு அவற்றைத் தாண்ட முயல்வதுதான் விளையாட்டு என்பது அதன் சாரம். கோல்ஃப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டுபோய்க் குழியில் போட்டால் வேலை முடிந்துவிடும். ஆனாலும் யாரும் அப்படிச் செய்வதில்லை. வீடியோ கேமில் இந்த ‘செய்வதில்லை’ என்பதற்கே இடமில்லை. பந்தைக் கையில் எடுக்க முடிகிறதென்றால் எடுக்கலாம் என்று நிரல் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். முடிவது எல்லாம் அனுமதிக்கப்பட்டது. அனுமதி இல்லாதது முடியவே முடியாது. விதியை மீறவே வழியில்லாத ஓர் இடத்தில் போங்கு என்ற சொல் எப்படிப் பிழைத்துக் கிடக்கிறது?

‘சின்னப் பசங்க தோத்துட்டு அழறாங்க’ என்று சொல்லி முடித்துவிடலாம். டேவிட் சிர்லின் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார். அவர் இந்த ஆட்டத்தில் போட்டிகளுக்குப் போனவர், பிற்பாடு 2008-இல் இதன் மறுபதிப்பை வடிவமைத்தவர். ‘பிளேயிங் டு வின்’ என்ற அவருடைய புத்தகம் சண்டை ஆட்டக்காரர்கள் நடுவில் கிட்டத்தட்ட அறநூல். அதில் வரும் முக்கியமான வசைச்சொல் ‘ஸ்க்ரப்’. ஆட்டத்தில் இல்லாத விதிகளை மனசுக்குள் எழுதிவைத்துக்கொண்டு, அவற்றுக்குக் கட்டுப்பட்டு ஆடித் தோற்று, கட்டுப்படாதவனைப் பழிக்கிறவன்தான் ஸ்க்ரப். அவனுடைய முதல் புகாரே பிடியைப் பற்றித்தான் இருக்கும். நம்மிடம் இதற்கும் சொல் இருக்கிறது. அழுகுணி.

சிர்லின் பக்கம் பலமான நியாயம் இருக்கிறது. பிடி இல்லாத ஆட்டத்தைக் கற்பனை செய்து பாருங்கள். ஒருவன் இரண்டு அடி முன்னிலை பெறுகிறான். மேலே 99-இலிருந்து கடிகாரம் இறங்கிக்கொண்டிருக்கிறது. இனி அவன் எதற்கு வம்பு? ஜாய்ஸ்டிக்கைக் கீழ்ப்பின் மூலையில் இழுத்துப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்துவிடலாம். தடுப்பில் பட்டாலும் ஸ்பெஷல் மூவ்கள் கொஞ்சம் ஆயுளைக் கொறிக்கும் என்பது உண்மைதான், ஆனால் அது போதாது. சும்மா இருக்கிறவன் ஜெயிப்பான். பிடி என்பது இந்தச் சும்மா இருத்தலுக்கு எதிராக வைக்கப்பட்டது. தடுப்பு அடியை வெல்லும், பிடி தடுப்பை வெல்லும், பிடிக்க நெருங்கி வருகிறவனை அடிக்கலாம் அல்லது அவன் கைக்கு எட்டாமல் எழும்பிவிடலாம். இந்தச் சக்கரத்தில் ஓர் ஆரத்தை உருவினால் மீதியும் சரிந்துவிடும். பிடிக்கக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்ட சிறுவர்கள், தெரியாமலேயே கோழைத்தனத்துக்கு மகுடம் சூட்டிவிட்டார்கள்.

அதோடு டிக் த்ரோவுக்குப் பதிலும் உண்டு. விறைப்பு விடுகிற அந்த முதல் பிரேமில், அதாவது நொடியில் அறுபதில் ஒரு பங்கில், ரியூ ஆடுகிறவர் ஷோர்யூகனை விட்டால் ஜாங்கீஃபின் கை எட்டுவதற்குள் அவன் தாடையில் குத்து விழும். கடினம்தான். ஆனால் இருக்கிறது. பிற்காலப் பதிப்புகளில் வடிவமைப்பாளர்களே பதிலை அகலமாக்கினார்கள். சாதாரணப் பிடியை உதறிவிட ஒரு வழி வைத்தார்கள். விறைப்பு விட்டவனைச் சில பிரேம்களுக்குப் பிடிக்க முடியாது என்றார்கள். பைல்டிரைவரில் கைக்கு ஆள் சிக்காவிட்டால் ஜாங்கீஃப் வெறும் காற்றைக் கட்டிக்கொண்டு அசடு வழிய நிற்கும்படியும் செய்தார்கள். அந்த நேரத்தில் அவனை என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

சரி, அப்படியானால் முடிவது எல்லாம் நியாயம் என்று ஏற்றுக்கொள்ளலாமா? இங்கே இன்னொரு சமாச்சாரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இன்று சண்டை ஆட்டங்களின் உயிர்நாடியான காம்போ, அதாவது ஓர் அடி பட்டு எதிராளி தடுமாறி மீள்வதற்குள் அடுத்த அடியைச் சேர்ப்பது, திட்டமிட்டு வைக்கப்பட்டதே அல்ல. நடுவில் காரை உடைக்கும் ஒரு போனஸ் சுற்று வரும். அதில் பிழை தேடிக்கொண்டிருந்தபோது நொரிடாகா ஃபுனாமிசு என்ற தயாரிப்பாளர் இதைக் கவனித்தார். இவ்வளவு நுட்பமான நேரக்கணக்கு யாருக்கும் பயன்படாது என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டார். 1993-இல் வந்த ‘சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ காம்போவைத் திரையில் எண்ணிக்காட்டிப் பரிசுப் புள்ளியும் கொடுத்தது. ஆக, வடிவமைப்பாளர்கள் யோசித்து வைத்த பிடியைச் சிறுவர்கள் குற்றம் என்றார்கள். அவர்கள் யோசிக்காமல் விட்டுப்போன பிழையைக் கலை என்றார்கள். காம்போ ஓடிக்கொண்டிருக்கும்போது எதிராளி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பிடியைவிட அதிக நேரம் செயலற்றுக் கிடக்கிறான். இருந்தாலும் அதை யாரும் போங்கு என்று சொன்னதில்லை. படைத்தவன் என்ன நினைத்தான் என்பதை வைத்து எது நியாயம் என்று முடிவுசெய்ய முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. (வேதத்தின் கர்த்தா யார் என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்களுக்கு இந்தத் தலைவலி புதிதல்ல.)

கிரிக்கெட்டில் இதே கதை நமக்கு நெருக்கமான ஒருவர் வழியாக வந்தது. 2019 மார்ச்சில் ஜெய்ப்பூரில் அஸ்வின், பந்து வீசும் முன்பே கோட்டைவிட்டு வெளியேறிய ஜாஸ் பட்லரை ரன்-அவுட் ஆக்கினார். விதிப்புத்தகம் அனுமதித்த செயல்தான். ஆனாலும் உலகம் முழுக்க ‘ஆட்டத்தின் ஆன்மா’ என்று ஒரு கூச்சல் எழுந்தது. அன்று அந்த விதி ‘நியாயமற்ற ஆட்டம்’ என்ற தலைப்பின் கீழ் இருந்தது. 2022-இல் அதைச் சாதாரண ரன்-அவுட் விதிக்குள் மாற்றினார்கள். விதியின் இடம்தான் மாறியது, ஆனால் அதோடு பழியும் பாதி இறங்கிவிட்டது. அஸ்வின் சொல்லிவந்ததும் எளிய விஷயம்தான். பந்து கையைவிட்டுப் போகும் வரை கோட்டுக்குள் நில், என்னால் உன்னை ஒன்றும் செய்ய முடியாது. பதில் உன்னிடமே இருக்கிறது.

இந்தப் ‘பதில்’ என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நான் செய்கிற காரியத்துக்கு எதிரில் இருப்பவன் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது ஆட்டம். இல்லையென்றால் அதைத் தாக்குதல் என்றோ விபத்து என்றோ சொல்லலாம், ஆட்டம் என்று சொல்ல முடியாது. காம்போவுக்குப் பதில், முதல் அடி படாமல் பார்த்துக்கொள்வது. டிக் த்ரோவுக்குப் பதில் மேலே சொன்னது. பதிலே இல்லாத ஒன்று 1994-இல் வந்தது. ‘சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ’வில் ரகசியக் குறியீடு போட்டால் அகூமா என்ற பாத்திரம் கிடைக்கும். அவன் வானத்தில் குதித்தபடியே சாய்வாகத் தீப்பந்து எறிவான். பலரால் அந்தப் பந்தைத் தாண்டவும் முடியாது, அடியில் நுழையவும் முடியாது, தடுத்து நிற்கலாம், அடுத்த பந்து வரும். போட்டிகளில் அவனைத் தடை செய்துவிட்டார்கள். அழுகுணிகளைக் கேலி செய்த சிர்லினே இந்தத் தடையை ஏற்கிறார். தடை என்றால் அதைத் தெளிவாக வரையறுக்க முடிய வேண்டும், நடைமுறைப்படுத்த முடிய வேண்டும், உண்மையிலேயே அவசியமாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ‘அகூமாவை எடுக்கக் கூடாது’ என்பது மூன்றிலும் தேறும். ‘ரொம்பப் பிடிக்கக் கூடாது’ என்பது முதல் படியிலேயே வழுக்கும். ரொம்ப என்றால் எத்தனை?

இதுவரை சிக்கல் இல்லை. சிக்கல் சகாட்டிடம் ஆரம்பிக்கிறது. அதே 1994 பதிப்பில் இன்னொரு குறியீடு போட்டால் பாத்திரங்களின் முந்தைய பதிப்பு வடிவங்களை எடுக்கலாம். அப்படி வரும் பழைய சகாட் சற்று அதிகப்படியான பலசாலி. டைகர் ஷாட் என்னும் தன் பந்தை எறிந்துவிட்டு மிகச் சீக்கிரம் நிமிர்ந்துவிடுவான். ஆனால் அகூமா மாதிரி அல்ல. அவனுக்குப் பதில் உண்டு, தோற்கடிக்க முடியும். அமெரிக்காவில் யாரும் அவனைத் தடை செய்யவில்லை. ஜப்பானிலும் தடை இல்லை. ஆனால் அங்கே தேர்ந்த ஆட்டக்காரர்கள் அவனை எடுப்பதில்லை. சட்டம் ஒன்றும் கிடையாது. எடுத்தால் யாரும் வெளியேற்றப் போவதும் இல்லை. ஒரு பேச்சில்லாத உடன்பாடு. சிர்லின் இதை எழுதும்போது கொஞ்சம் தடுமாறுகிறார் என்றே எனக்குப் பட்டது. அவருடைய கணக்குப்படி இவர்கள் எல்லோரும் ஸ்க்ரப்களாக இருக்க வேண்டும், இல்லாத விதிக்குக் கட்டுப்படுகிறார்களே! ஆனால் அவர்கள் உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள்.

வித்தியாசம் எங்கே இருக்கிறது? தோற்றவன் ‘அதைச் செய்யாதே’ என்று கேட்பது ஒன்று. ஜெயிக்கக்கூடியவன் ‘நான் இதைச் செய்ய மாட்டேன்’ என்று தானாக விடுவது இன்னொன்று. முன்னதில் விதி எதிராளியின் கையைக் கட்டுகிறது. பின்னதில் சொந்தக் கையை. வள்ளல்தன்மையும் பிச்சையும் ஒரே நாணயம் கைமாறுவதுதான், ஆனால் எந்தக் கையிலிருந்து புறப்பட்டது என்பதில் எல்லாமே இருக்கிறது. அது மட்டுமல்ல. பழைய சகாட்டை எல்லோரும் எடுத்தால் மற்ற பாத்திரங்களில் பலவற்றை யாரும் தொடமாட்டார்கள். ஆட்டத்துக்குள் ஜெயிக்க நினைப்பதும், நாளைக்கும் ஆட ஓர் ஆட்டம் வேண்டும் என்று நினைப்பதும் வேறு வேறு ஆசைகள். பிடிக்கக் கூடாது என்று ஒப்பந்தம் போட்ட அந்தச் சிறுவர்களிடமும் இரண்டாவது ஆசை இருந்திருக்கும். பக்கத்து வீட்டுப் பையன் கோபித்துக்கொண்டு போய்விட்டால் நாளைக்கு யாரோடு ஆடுவது? சிர்லின் அவர்களைக் கணக்கில் தவறியவர்களாக மட்டும் பார்த்தார். அவர் பழகிய உலகத்தில் எதிராளிகளுக்குப் பஞ்சமில்லை.

கஷ்டப்பட்டுச் செய்தால் நியாயம், சுலபமாகச் செய்தால் போங்கு என்று ஒரு வாதமும் உண்டு. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ 2023-இல் வந்தபோது ‘மாடர்ன்’ என்றொரு கட்டுப்பாட்டு முறையையும் கொடுத்தது. வட்டமெல்லாம் சுற்ற வேண்டாம், ஒரு பட்டனைத் தட்டினால் பைல்டிரைவர் வந்துவிடும். அப்படிச் செய்தால் அடியின் வலு இருபது சதவீதம் குறையும். பழைய ஆட்டக்காரர்கள் பலருக்கு எரிச்சல். வருடக்கணக்கில் கட்டைவிரல் தேய்ந்து கற்ற வித்தை இப்படித் தெருவில் கூறுகட்டி விற்கப்பட்டால் யாருக்கும் எரியும். ஆனால் என் வியர்வை எதிராளிக்கு எந்த வகையில் ஆறுதல்? அவன் மண்டை தரையில் இடிக்கிறது. நான் அதற்குப் பத்து வருடம் பயிற்சி எடுத்தேனா, ஒரு பட்டனைத் தட்டினேனா என்பதில் அவனுக்கு என்ன வந்தது? உழைப்பு வேறு, நியாயம் வேறு. கஷ்டப்பட்டுக் கற்ற ஒரே காரணத்தால் ஒரு காரியம் சரியாகிவிடும் என்றால் பூட்டை உடைக்கிற வித்தைக்காரனுக்கும் விருது கொடுக்க வேண்டியிருக்கும்.

இருந்தாலும் எரிச்சல்காரர்கள் சொல்வதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. அந்த வட்டத்தை ஒளிக்க ஜாங்கீஃபுக்கு ஒரு குத்தோ ஒரு குதியோ தேவைப்பட்டது என்று சொன்னேன் அல்லவா? அந்தக் குத்துதான் எதிராளிக்குக் கிடைத்த மணியோசை. பட்டன் முறையில் ஜாங்கீஃப் நிதானமாக நடந்து வந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பிடித்துவிடலாம். போனது வியர்வை மட்டுமல்ல, பதில் சொல்வதற்கான நேரத்திலும் ஒரு துண்டு போய்விட்டது. இருபது சதவீதத்தை அதற்கான வட்டியாக எடுத்துக்கொள்ளலாம். போதுமா போதாதா என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், போடட்டும்.

பதில் இருக்கிறதா என்று கேட்பதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. யாருக்கு இருக்கிறது? அறுபதில் ஒரு பங்கு நொடியில் ஷோர்யூகன் விடத் தெரிந்தவனுக்கு டிக் த்ரோ ஒரு கேள்வி. நேற்றுதான் ஆடத் தொடங்கியவனுக்கு அது வெறும் சுவர். பதில் எங்கோ ஒரு பக்கத்தில் அச்சாகியிருக்கிறது என்பதால் அது அவன் கையில் இருக்கிறது என்றாகிவிடாது. (கடன் பத்திரங்களில் பொடி எழுத்தில் நிபந்தனை போடுகிறவர்களும் ‘எல்லாம் எழுதித்தானே இருக்கு’ என்றுதான் சொல்வார்கள்.) தெரு ஆட்டங்களில் நாம் இதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம்: ஒப்புக்குச் சப்பாணி. கூட வந்த வாண்டையும் சேர்த்துக்கொள்வோம், ஆனால் அவன் அவுட் ஆக மாட்டான், அவன் ரன் கணக்கில் சேராது. கருணையான ஏற்பாடு என்றுதான் பெரியவர்கள் நினைப்பார்கள். தான் ஒப்புக்குச் சப்பாணி என்று தெரிந்துகொள்ளும் நாளில் ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பத்து முறை தோற்றாலும் அப்படி ஆகாது.

விட்டுக்கொடுத்தால் அவமானம், விடாமல் அடித்தால் அநியாயம் என்றால் நடுவில் ஒரே ஒரு வழிதான் எனக்குத் தெரிகிறது. பதிலை அவன் கையில் கொடுத்துவிட்டு அடிப்பது. கொடுத்த பிறகு தயவு தாட்சண்யம் வேண்டாம். பழைய ஆர்கேடுகளில் பெரிய அநியாயம் பைல்டிரைவர் அல்ல, அதிலிருந்து தப்பிக்கிற வழியை யாரும் சொல்லாததுதான். இன்றைய ஆட்டத்தின் பயிற்சி அறையில் ஒவ்வொரு அடியும் எத்தனை பிரேம் என்று கட்டம் கட்டமாகத் திரையிலேயே ஓடுகிறது. வேண்டியவன் பார்த்துக்கொள்ளலாம்.

என் அக்கா மகனுக்குப் பதினோரு வயது. போன விடுமுறையில் வந்தவன் நான்கு முறை தொடர்ந்து தலைகீழாக இறங்கியபின், ‘மாமா, அந்தச் சுத்துறத மட்டும் போடக்கூடாது’ என்றான். போடுவேன், ஆனால் தப்பிக்கிற வழியைச் சொல்லித் தருகிறேன் என்றேன். ‘சின்னக் குத்து விழுந்துச்சுன்னா அடுத்தது பிடிதான். கைய பின்னாடியே வச்சுக்காம மேல தள்ளு, எழும்பிருவ. எழும்புறவன பிடிக்க முடியாது.’ பயிற்சி அறையில் கால் மணி நேரம் உட்கார்ந்து பழகினான். அடுத்த ஆட்டத்தில் நான் குத்தினேன். அவன் எழும்பினான். ஜாங்கீஃப் வெறுங்காற்றைக் கட்டிக்கொண்டு நின்றான், முகத்தில் உதை விழுந்தது. வீடே அதிர்ந்தது.

அதற்கடுத்த முறை குத்திவிட்டு நான் பிடிக்கவில்லை. எழும்பி வந்தவனைக் கைகளை விரித்துச் சுழலும் லாரியட்டால் அடித்து வீழ்த்தினேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

‘அப்ப நீங்க பிடிக்கப் போறீங்களா, அடிக்கப் போறீங்களான்னு மொதல்லயே சொல்லிருங்க மாமா’ என்றான்.